சும்மாடு இருந்தால் நிற்கலாம்

காலை ஏழேகால் மணி. அந்த நேரத்தை மட்டும் நான் மறக்கவே இல்லை. ரேடியோவில் செய்தி தொடங்கும்போது அப்பா ஒலியைக் கூட்டி வைப்பார். அன்றும் கூட்டி வைத்தார். ஆனால் செய்தியைக் கேட்க உட்காரவில்லை. சுவரோரம் கவிழ்த்திருந்த அம்மாவின் கூடையை எடுத்து வந்து, வாசலில் போட்டு, காலால் மிதித்தார்.

நல்ல மூங்கில் கூடை அது. முதலில் நெளிந்து எழுந்தது, ஏதோ விளையாட்டு என்று நினைத்ததுபோல. மறுபடி மிதித்ததும் விளிம்பு பிளந்தது. உள்ளே இருந்த சும்மாடு உருண்டு வந்து என் காலருகில் நின்றது. அப்பா அதையும் பொறுக்கினார். கூடையும் சும்மாடும் அடுப்புக்குப் போயின.

"இனிமே ஒரு துரும்ப தூக்கக் கூடாது நீ. வூட்ல ஒக்காரு. நா கீறன், புள்ளைங்க கீதுங்க. இன்னா?"

கோபத்தில் செய்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அப்பாவின் கண் கலங்கியிருந்தது. அம்மா கூடை எரிவதை, வேறு யாருடைய பொருளோ எரிவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்தான் சொன்னேன். "எப்பா, அதுல அம்மா சருகுதான் எட்னு வரும். வெயிட்டே இல்லப்பா."

"நீ சும்மா இரு," என்றார் அப்பா.

என் வயதுக்காரர்களுக்குச் சும்மாட்டை விளக்க வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். பழைய சேலைத் துண்டை முறுக்கி, வளையமாகச் சுருட்டி உச்சந்தலையில் வைத்து, அதன்மேல் குடத்தையோ விறகுக் கட்டையோ ஏற்றுவோம். அம்மாவின் சும்மாடு ஒரு காலத்தில் மாம்பழ நிறச் சேலையாக இருந்தது. எண்ணெயும் வியர்வையும் ஏறி, நான் பார்க்கும்போது புளியங்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. முகர்ந்தால் அம்மாவின் தலை வாசனை. இன்று எங்கள் மலையில் ஊருக்கு ஊர் ஆட்டோ போகிறது. அது நல்லதுதான். ஆனாலும் அந்த வாசனை இப்போது எந்தத் துணியிலும் இல்லை.

அம்மாவுக்கு மூச்சு நோவு. பீடி பிடித்தவள் இல்லை, புகையிலை போட்டவள் இல்லை. "பீடி குடிக்கற ஆம்பளைக்கு வர்ற நோவு உனுக்கு எப்படிடி வந்துச்சி, திருட்டுத்தனமா குடிக்கிறியா?" என்று பெண்கள் கேலி செய்வார்கள். அம்மாவும் சிரிப்பாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் போய், கேலி செய்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எங்கள் சமையல் கட்டுக்கு ஜன்னல் கிடையாது. ஜவ்வாது மலைக் குளிருக்கு ஜன்னல் வைப்பது பைத்தியக்காரத்தனம் என்பது அப்போதைய எண்ணம். அவள் பிறந்த வீட்டிலும் அப்படித்தான். விவரம் தெரிந்த நாள் முதல் அம்மா ஈர விறகை ஊதிக்கொண்டே இருந்திருக்கிறாள். அவள் குடித்த புகைக்குப் பெயர் யாரும் வைக்கவில்லை.

எங்கள் ஊரிலிருந்து முகட்டுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில், ஏற்றம் கடுமையாகிற இடங்களில் சுமைதாங்கிக் கல் நட்டிருந்தார்கள். இரண்டு கல்லின்மேல் ஒரு கல்லைக் கிடத்தி, நெஞ்சுயரத்துக்கு. தலைச்சுமையை யார் கையும் பிடிக்காமல் அதன்மேல் சரித்துவிட்டு நிற்கலாம். வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போன பெண்களுக்காக நட்ட கற்கள் என்பார்கள். அதனால் எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. சுமையில்லாத பெண் அந்தக் கல்லில் சாயக் கூடாது. வெறுங்கையோடு சாய்ந்தால் வீட்டுக்கு ஆகாது.

அம்மா தினமும் கூடையோடு முகட்டுக்குப் போய் வருவாள். ஆட்டுக் கொட்டகையில் பரப்புவதற்குச் சருகு கொண்டுவரத்தான் போகிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் நானும் கூடப் போனேன். திரும்பும்போது கூடை மலைபோலக் குவிந்திருந்தது. முகட்டிலிருந்து இறங்கி, நடுவில் ஒரு மேடு ஏற வேண்டும். மேட்டின் தலையில் சுமைதாங்கி. அம்மா கூடையைக் கல்லின்மேல் தள்ளிவிட்டு, இரண்டு முழங்கையையும் கல்லில் ஊன்றிக் குனிந்து, உதட்டைக் குவித்து ஊதினாள். அடுப்பு ஊதுவதுபோலவே. நெருப்பில்லாத அடுப்பு.

எதிரே பக்கத்து ஊர்ப் பெண்கள் வந்தார்கள். "இன்னாக்கா, இம்மாம் பாரம்! உன் தகிரியம் யாருக்கு வரும்!" அம்மாவால் பேச முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அவர்கள் மரியாதையாக ஒதுங்கிப் போனார்கள்.

உதவி செய்கிறேன் என்று நான் கூடையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கைக்கே வந்துவிட்டது.

"எம்மா, இது வெறும் சருகு. கனமே இல்லியே!"

"கத்தாதடி." மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள். "சும்மா நின்னா, ஏன் நிக்கற, இன்னா ஆச்சி, டீபியானு ஆயிரம் கேள்வி. முந்தானைய எடுத்து மூக்க வேற மூடிக்குவாளுங்க. சும்மாடு வெச்சிகினு நின்னா ஒருத்தியும் கேக்க மாட்டா."

"அப்ப வூட்லயே இருந்துட்டா?"

"வூட்ல இன்னா கீது? பொக. இங்க காத்து கீது, நாலு மூஞ்சி கீது."

அதற்குப் பிறகு அப்பா அம்மாவைப் போளூருக்கு அழைத்துப்போய் ஒரு டாக்டரிடம் காட்டினார். நானும் போனேன், பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்கும் என்று. டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். பாரம் தூக்காதீங்க. புகையில் உட்காராதீங்க. தினமும் மெதுவா நடங்க, மூச்சு வாங்கினா நின்னு நின்னு போங்க. அப்பா முதல் வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பஸ் மலையேறியபோது வளைவுக்கு வளைவு "பாரம் தூக்கக் கூடாதுனு சொல்ட்டாரு, பாரம் தூக்கக் கூடாதுனு சொல்ட்டாரு" என்று வந்தார். மற்ற இரண்டும் அடிவாரத்துச் சந்தவாசலிலேயே இறங்கிவிட்டன போலிருக்கிறது.

பிறகு டீக்கடையில் சித்தப்பா ஒரு வார்த்தை விட்டார். "இன்னாண்ணா, சீக்குக்காரிய சொமக்க வெச்சிட்டு நீ ரேடியோ கேட்டுகினு கீறியாமே? ஊரே பேசிக்குது." அந்த வார்த்தைதான் மறுநாள் காலை ஏழேகாலுக்குக் கூடையை மிதித்தது.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், என் மகள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். குழந்தையில் வந்த நிமோனியா அவள் நுரையீரலில் தீராத கோளாறு ஒன்றை விட்டுவிட்டுப் போனது. ஜமுனாமரத்தூரில் பஸ் நிறுத்தத்திலிருந்து அவள் பள்ளிக்கூடம் வரை ஏற்றம். போன மாதம் அந்த ஏற்றத்தில் தோழிகளோடு பேசிக்கொண்டே போனவள், உதடு நீலமாகிச் சரிந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் மருந்துப் புகைக்கான முகமூடியைக் கழற்றியதும் கேட்டேன், "மூச்சு முட்டினா நிக்க வேண்டியதுதானேடி?"

"எல்லாரும் பாப்பாங்கம்மா. முன்னெல்லாம் லேஸ் கட்டற மாதிரி குனிஞ்சி நிப்பேன். இப்பதான் லேஸே இல்லியே."

குனிந்தால் மூச்சு முட்டுமே என்று, லேஸ் இல்லாத, ஒட்டுப்பட்டை வைத்த ஷூவை வாங்கிக் கொடுத்தது நான்தான். தேடி அலைந்து வாங்கினேன். ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மூங்கில் பிளக்கும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

கூடை எரிந்தது கார்த்திகையில். அதற்குப் பின் பனி இறங்கியது. எங்கள் மலையில் பனி வீட்டுக்குள் வந்து உட்காரும். போர்வையைப் பிழிந்தால் ஈரம் வரும். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று அப்பா அம்மாவுக்கு அடுப்பங்கரையிலேயே பாய் போட்டுக் கொடுத்தார். கயிற்றுக் கட்டிலைக்கூட வாசலிலிருந்து உள்ளே இழுத்துப் போட்டார். ஓய்வு என்றால் அவருக்குத் தெரிந்தது அதுதான். நெருப்புக்குப் பக்கத்தில், காற்றுப் படாமல், அசையாமல்.

ஊரும் உதவிக்கு வந்தது. அக்கா விடிவதற்குள் எல்லா வேலையையும் முடித்துவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரி அம்மாவுக்கும் சேர்த்துத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். அம்மா துடைப்பத்தைத் தொட்டால் போதும், யாராவது பிடுங்கிக்கொள்வார்கள். "நீ ஒக்காரு." வாசலுக்கு வந்தால், "ஏன் வந்த, நீ போய் ஒக்காரு." எழுந்தால், "ஒக்காரு."

"நா இன்னா சாமி செலயா? ஒக்கார வெச்சி பொங்க வெக்கப் போறீங்களா?" என்று அம்மா ஒரு நாள் சீறினாள். எல்லாரும் சிரித்தோம். அம்மாவின் கேலி போகாதவரை உயிருக்குப் பயமில்லை என்று அக்கா சொல்வாள்.

ஆனால் அம்மாவின் உலகம் குறுகிக்கொண்டே வந்தது. முகடு போயிற்று. பிறகு சாமைக் காடு போயிற்று. பிறகு குழாயடி. பொங்கல் வருவதற்குள் சமையல் கட்டிலிருந்து வாசலுக்கு வந்தாலே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்து அப்பா, "பாத்தியா, நா அப்பவே தடுத்ததாலதான் இந்த அளவுக்காச்சும் கீற. சொமந்துகினே இருந்திருந்தா இன்னேரம்..." என்று பாதியில் நிறுத்தினார். அவர் உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். நாங்களும் நம்பினோம்.

தையில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில். மாப்பிள்ளை ஊர் முகட்டுக்கு அந்தப் புறம், அப்போது வண்டிப் பாதை கிடையாது. அம்மாவை எப்படிக் கொண்டுபோவது? அப்பா யோசித்து வைத்திருந்தார். மூங்கில் கழியில் போர்வையைத் தூளியாகக் கட்டி, ஆட்கள் தோளில் தூக்கிப் போவது. டோலி.

அம்மா அதைக் கேட்டதும் அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள்.

"டோலில யார்யா போவாங்க? பிரசவம் சிக்கினவ போவா, பாம்பு கடிச்சவன் போவான். திரும்பி வர்றப்ப பொணம் வரும். பொண்ணு கண்ணாலத்துக்கு ஆத்தாக்காரி டோலில போனா, சம்பந்தி வூட்ல இன்னா கேப்பாங்க? எழவா, கண்ணாலமானு கேப்பாங்க."

"யாரும் கேக்க மாட்டாங்க."

"நா நடந்து வர்றேன்."

"வாசலுக்கு வர்றதுக்கே உனுக்கு மூச்சு முட்டுது. முகடு ஏறுவியா நீ? வழில ஒண்ணு ஆயிப்போச்சினா?"

"நின்னு நின்னு வர்றேன்யா."

"எங்க நிப்ப? கல்லுல வெறுங்கையோட சாய்வியா, கண்ணால நாளும் அதுவுமா?" அப்பா குரலைத் தாழ்த்தினார். "டோலி வாணாம்னா வூட்லயே இரு. மறுவூட்டுக்கு வருவாங்க இல்ல, அப்ப பாத்துக்க."

அக்கா கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். அவளுக்கு இன்னொரு பயமும் இருந்தது. அம்மா வராவிட்டால், பெண்ணின் தாய்க்கு ஒட்டுகிற வியாதி என்று அந்த ஊர் முடிவு செய்துவிடும். அந்தப் பேச்சோடுதான் அவள் அங்கே வாழ வேண்டும்.

அம்மா அந்த வாரம் முழுதும் உட்கார்ந்த இடத்திலேயே சாப்பாட்டு இலை தைத்தாள். காய்ந்த புரச இலைகளை வட்டமாக அடுக்கி, ஈர்க்கால் குத்திக் குத்திச் சேர்ப்பது. கல்யாணப் பந்திக்கு இலை பெண் வீட்டார் பொறுப்பு. உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் யாரும் பிடுங்கவில்லை. தைத்த இலைகள் கட்டுக் கட்டாகச் சுவரோரம் ஏறின.

எல்லாரும் காட்டுக்குப் போன ஒரு மத்தியானம், நான் பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரம் வந்தேன். அம்மா ஆட்டுக் கொட்டகையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். தலையில் குடம். குடத்துக்கு அடியில் புதிய சும்மாடு, அக்காவின் பழைய பாவாடையைச் சுருட்டியது. சில அடி நடப்பாள், கொட்டகைக் கழியில் கையை ஊன்றி ஊதுவாள், மறுபடி நடப்பாள். குடத்தை எட்டிப் பார்த்தேன். காலி.

"இன்னாம்மா இது?"

"யாராச்சும் கேட்டா, தண்ணி எட்னு வருதுனு சொல்லு."

அவள் கன்னத்தில் சாம்பல் நிறம் போய்க் கொஞ்சம் ரத்தம் ஏறியிருந்தது. பனி விலகிய வெயில். வேண்டுமென்றுதான் வெளியே வந்திருக்கிறாள், புகையிலிருந்து. அதன்பின் நான் தினமும் மத்தியானம் வாசலில் காவல் இருந்தேன்.

கல்யாணத்தன்று விடியற்காலையில் எல்லாரும் கிளம்பினோம். அரிசி, பாத்திரம், பூ, அக்காவின் தகரப்பெட்டி. அம்மா நிலைக்கு உள்ளேயே நின்று அக்காவின் கன்னத்தை வழித்து விரலை நெட்டி முறித்தாள். "போங்க. நா ஆட்ட பாத்துகினு கீறேன்." அப்பா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மாப்பிள்ளை வீட்டில் சம்பந்தியம்மாள் முதலில் கேட்டது அதைத்தான். "உங்கம்மா எங்க? வரலியா?" சுற்றி நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இருமலாமே?" என்றாள் ஒருத்தி, மெதுவாக, எங்களுக்குக் கேட்கிற மாதிரி. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அப்படிக் குனிந்த தலையோடுதான் தாலி கட்டிக்கொண்டாள். மேளம் உரக்க அடித்தது. அம்மா அதைப் பார்க்கவில்லை.

பந்திக்கு எல்லாரும் உட்கார்ந்தார்கள். சாமைச் சோறு ஆவி பறக்க வந்து இறங்கியது. அப்போதுதான் அப்பா இலைக் கட்டுகளைத் தேடினார். தகரப்பெட்டிக்குப் பின்னால் இல்லை. பாத்திர மூட்டையில் இல்லை.

"எல யாருடா எட்னு வந்தது?"

"நா இல்ல. நீதான எட்னு வந்த?" என்றார் சித்தப்பா.

"நா அரிசி எட்னு வந்தேன்!"

மாப்பிள்ளை வீட்டு ஆண்களுக்குக் கொண்டாட்டம். "பொண்ணு வூட்டுக்காரங்க எலய மறந்துட்டு வந்துட்டாங்கப்பா! சோத்த கையில வாங்கிக்கலாமா, துண்டுல வாங்கிக்கலாமா?" "மாமனாரு சட்டையில போடுங்கடா!" சிரிப்பு எழுந்தது. அப்பாவின் காது சிவந்தது. கிளம்பும்போது சுவரோரம் இலைக் கட்டுகள் இருந்தனவா என்று நான் நினைவுபடுத்திப் பார்த்தேன். சுவரோரம் வெறுமையாக இருந்தது. முந்தின நாள் மாலையே வெறுமையாகத்தான் இருந்தது. நான் பாதையைப் பார்த்து ஓடினேன்.

முகட்டின் இந்தப் பக்கச் சுமைதாங்கியில் ஒரு பெரிய கூடை உட்கார்ந்திருந்தது, வானத்தில் வைத்ததுபோல. பக்கத்தில் முழங்கையை ஊன்றிக் குனிந்த ஒரு உருவம். நான் கத்தினேன். பந்தியில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். கூடை கல்லிலிருந்து மெல்ல எழுந்து தலைக்கு ஏறியது. இறங்கத் தொடங்கியது. சிறிது தூரம் வந்து நின்றது. மறுபடி வந்தது. யாரும் கேலி பேசவில்லை. "யப்பா, இம்மாம் பாரத்த ஒத்தையா சொமந்துகினு முகடு தாண்டி வருதே!" என்றாள் சம்பந்தியம்மாள். மூக்கை மூடியிருந்த முந்தானைகள் இறங்கின. அக்கா மாலையோடு ஓடிவந்து என் பக்கத்தில் நின்றாள்.

அம்மா எங்கள் முன்னால் வந்து நின்றாள், தலையில் பக்கத்து வீட்டுக்காரியின் கூடை. நெற்றி முழுதும் வியர்வை. உதடு குவிந்து, மூச்சு நீளமாக, நிதானமாக வெளியே போயிற்று. அக்காவின் கழுத்துத் தாலியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"எலய மறந்துட்டு வந்துட்டீங்க. அதான் எட்னு வந்தேன். எறக்குய்யா."

அப்பா பாய்ந்து போய், பெரிய பாரத்துக்கு ஆயத்தமாகக் காலை அகட்டிவைத்து, இரண்டு கையாலும் கூடையைப் பிடித்துத் தூக்கினார். கூடை பஞ்சுபோல மேலே வந்துவிட்டது. அவர் ஒரு கணம் தடுமாறினார். கூடையைப் பார்த்தார், அம்மாவின் தலையில் இருந்த சும்மாட்டைப் பார்த்தார். அவர் வாய் திறந்தது.

அம்மா அவர் காதருகே சாய்ந்தாள்.

"மெதுவாய்யா. எல்லாரும் பாக்கறாங்க. கனமா எறக்கு."